ஒரு பிடி உமி

முற்றங்குடி என்றொரு ஊர் முன்பு இருந்தது. அந்த ஊரில் மனிதர்கள் கிடையாது. கல்லும் மரமும் இரும்பும்தான் அங்கே குடித்தனம் நடத்தின. பானையும் மூடியும் ஒரு வீடு, பூட்டும் சாவியும் ஒரு வீடு என்று அவரவர் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, சண்டை போட்டு, சமாதானமாகி வாழ்ந்தார்கள். ஊரின் தென்கோடியில் உலக்கைத் தெரு. அங்கே எல்லா வீட்டிலும் உலக்கைதான் புருஷன், உரல்தான் பெண்சாதி. தெருவின் பெயரைக் கேட்டதுமே யார் பேச்சு அங்கே எடுபடும் என்று புரிந்திருக்கும்.

அந்தத் தெருவுக்கு வாழ வந்தவள் வடிவு. கருங்கல் உரல். அவள் புருஷன் காரிமுத்து வைரம் பாய்ந்த மரம், நுனியில் இரும்புப் பூண். மாமியார் பத்தாயத்தம்மாள் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற நெற்பெட்டி. அந்த அம்மாள் தன் மூடியை ஒருநாளும் வெளியாள் முன்னால் திறக்க மாட்டாள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது குடும்ப கௌரவம்.

உரலுக்கு இடி புதிதல்ல. தை பிறந்து நெல் வந்தால் காரிமுத்து இறங்குவான். நெல் விலகி இடம் கொடுக்கும், அவளுக்கு வலிக்காது. உமி பறக்கும், அரிசி வெளுக்கும், அல்லி குதித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்ப்பாள். அல்லி அவர்கள் மகள், வெற்றிலை இடிக்கிற கையடக்க உரல். அந்த நாட்களைப் பற்றி வடிவு யாரிடமும் குறை சொன்னதில்லை. இடையில் நெல் இருக்கிறவரை அது வேலை.

ஒரு நாள் மத்தியானம் காரிமுத்து வெளியிலிருந்து வந்து கூப்பிட்டான். வடிவு தனக்குள் தேங்கிய மழைத்தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். "இதோ வர்றேங்க" என்றாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். உள்ளே நெல் ஒன்றும் இல்லை. அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து வெறும் உரலில் இறங்கினான்.

ணங்கென்று அந்தச் சத்தம் தெருக்கோடி வரை போயிற்று.

வெறும் உரலை இடிக்கக் கூடாது என்பது முற்றங்குடியின் பழைய கட்டுப்பாடு. இடித்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். கட்டுப்பாடு என்னவோ உலக்கைக்குத்தான். ஆனால் மறுநாள் தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தது வடிவைத்தான். அவளுக்கு மானம் போயிற்று. பக்கத்து வீட்டு மர உரல் தெய்வானை மட்டும் கொல்லைப்பக்கம் வந்து மெதுவாகப் பேசினாள்.

"நேத்து வெறும் சத்தமா கேட்டுச்சே, வடிவு."

"ஒண்ணுமில்லக்கா. கை தவறி விழுந்துடுச்சு."

தெய்வானை அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பிடி உமி அள்ளிக்கொண்டு வந்தாள். "அடியில இதைப் போட்டுக்க. சத்தம் அமுங்கிடும். வெளியில கேக்குறவங்களுக்கு நெல் குத்துற மாதிரிதான் இருக்கும்" என்றாள்.

நல்ல மனசோடுதான் கொடுத்தாள். இவளுக்கு எப்படி இந்த வித்தை தெரியும் என்று வடிவுக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ணங் என்ற சத்தமே இல்லை. தொம், தொம் என்று அடக்கமாகக் கேட்கும். தெருவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "காரிமுத்து வீட்டைப் பாருங்க, எந்நேரமும் வேலை ஓயலை" என்று பேசிக்கொண்டார்கள். பத்தாயத்தம்மாளுக்கு எல்லாம் தெரியும். அவளும் வாயைத் திறக்கவில்லை. வடிவு அம்மா வீட்டுக்குச் சொல்லி அனுப்பிப் பார்த்தாள். கல்லாய்ப் பிறந்துவிட்டுத் தாங்கவில்லை என்றால் எப்படி என்று அங்கிருந்து பதில் வந்தது.

பயம் ஒரு வீட்டில் குடியேறிவிட்டால் காதுக்குத்தான் முதலில் வேலை வைக்கும். காரிமுத்து நல்லபடியாக வந்தால் பூண் தரையில் சரசரவென்று உரசும். அதைக் கேட்டால் வடிவுக்கு மூச்சு வரும். சத்தமே இல்லாமல் வந்தால் பூண் தரையில் இல்லை, மேலே தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். அவள் நாள் முழுக்கச் சத்தத்துக்குப் பயப்படவில்லை, சத்தமின்மைக்குப் பயந்தாள். அணில் ஓடினால் திடுக்கிடுவாள். வாசலில் நிழல் விழுந்தால் அவசரமாக உமியைச் சரிசெய்துகொள்வாள்.

வாயோரம் ஒரு விரிசல் ஓடத் தொடங்கியிருந்தது. முதலில் மயிரிழை. பிறகு மழைத்தண்ணீர் அதன் வழியாகக் கசிந்தது. இனி ஆழமாக ஓர் இடி விழுந்தால் தான் இரண்டாகப் போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரியும். இந்த நிலையில் ஆடி மாதத்து ஒரு காலையில் காரிமுத்து சொன்னான்:

"பூண் தேஞ்சு போச்சு. பட்டறைக்குப் போய் கனமா ஒண்ணு மாட்டிக்கிட்டு வர்றேன்."

அவன் போனதும் வடிவு அல்லி எங்கே என்று தேடினாள். அல்லி மூலையில் உட்கார்ந்து எதையோ அள்ளித் தனக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி விளையாட்டு?"

"உமி போட்டுக்கிறேம்மா."

"உனக்கு எதுக்குடி உமி?"

"அப்பா வந்துட்டா? வெளியில கேட்டுடுமில்ல?" என்றாள் அல்லி. அவள் அதைப் பயந்துகூடச் சொல்லவில்லை. தலை வாரிக்கொள்வதுபோல, முகம் கழுவிக்கொள்வதுபோல, பழகிய வேலையாகச் சொன்னாள்.

வடிவு மகளைக் கவிழ்த்து உமியை எல்லாம் தட்டிக் கொட்டினாள். அவளைத் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்கினாள். உரல் எப்படி நடக்கும் என்று கேட்காதீர்கள். கிளம்பித்தான் ஆகவேண்டும் என்று வந்துவிட்டால் கல்லும் நடக்கும்.

ஊர் நடுவில் மகளிர் காவல் நிலையம் இருந்தது. வாசல் மேசையில் பூட்டம்மா உட்கார்ந்திருந்தாள். கெட்டவள் அல்ல. ஆனால் பூட்டுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எந்தப் பிரச்சினை வந்தாலும் கதவைச் சாத்தினால் சரியாகிவிடும் என்று அவள் நம்பினாள்.

"என்ன விஷயம்?"

"வீட்டுக்காரர் அடிக்கிறாருங்க."

"வீட்டுக்காரர் யாரு?"

"உலக்கைங்க."

பூட்டம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ உரலு. அவரு உலக்கை. வேற என்னம்மா செய்வாரு?"

"நெல்லு போட்டு இடிக்கிறதை நான் சொல்லலீங்க. வெறும் உரல்ல இடிக்கிறாரு."

"குடிப்பாரா?"

"இல்லீங்க."

"வேற தொடுப்பு கிடுப்பு?"

"இல்லீங்க."

"அப்ப நல்லவருதானே. பொட்டப்புள்ளையை வேற வச்சிருக்கே. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் பொறுமையா பேசுங்க."

"கதவைச் சாத்தினப்புறம்தாங்க அடிக்கிறாரு."

பூட்டம்மா மேசைமேல் இருந்த பதிவேட்டைச் சாத்தினாள். "சரி, அவரையும் வரச்சொல்லி அனுப்புறேன். எதிரெதிரே வச்சுப் பேசிடுவோம்" என்றாள். வடிவுக்கு நடக்கப்போவது தெரிந்தது. அவன் இங்கே வருவான், சிரித்துப் பேசுவான், பிறகு மூவரும் வீட்டுக்குத் திரும்புவார்கள். வந்த வழியே ஓடிவிடலாமா என்று எழுந்துவிட்டாள்.

"உள்ளே வாங்க" என்று ஒரு குரல் கேட்டது.

உள்ளறையில் பாதுகாப்பு அலுவலர் தராசம்மா இருந்தாள். மெலிந்த உடம்பு, இரண்டு பித்தளைத் தட்டுகள். அவள் வடிவை உட்காரவைத்து, கேட்கவேண்டியதைக் கேட்டு, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"மனு கொடுத்தீங்கன்னா நான் இன்னிக்கே உங்க தெருவுக்கு வந்து விசாரிப்பேன்."

"வந்தா அவருக்குத் தெரிஞ்சிடுமே."

"தெரியும். தெரியாம விசாரிக்க முடியாது."

"விசாரிச்சிட்டு என்னை அங்கேயே விட்டுட்டு வந்துடுவீங்களா?"

"நீங்க சொல்றது விசாரணையில நின்னா விட மாட்டேன்."

"நிக்கலேன்னா?"

தராசம்மாவின் தட்டுகள் லேசாக ஆடி நின்றன. "எனக்கு ரெண்டு தட்டு இருக்கு. ஒரு பக்கம் மட்டும் கேட்டுட்டுச் சாஞ்சா நான் தராசே இல்லை. நிக்கலேன்னா எனக்கு வழியில்லைம்மா."

உண்மையைச் சொல்கிறவர்களிடம் ஓர் அச்சம் வரும். வடிவுக்கு அது வந்தது. மனு நிற்காவிட்டால் புதுப் பூணோடு அவன் காத்திருப்பான். கொடுக்காவிட்டாலும் காத்திருப்பான். அவள் மடியில் இருந்த அல்லியைப் பார்த்தாள். மனுவைக் கொடுத்தாள்.

அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் சுட்டெரித்தது. காரிமுத்து பட்டறையிலிருந்து திரும்பிவிட்டிருந்தான். வாசல் சுவரில் சாய்ந்து நின்றான். புதுப் பூண் முன்னதைப்போல ஒன்றரைப் பங்கு தடிமன். அதைப் பார்த்ததும் வடிவின் விரிசல் வலித்தது.

"வாங்கம்மா, இந்த வெயில்ல அலைஞ்சு வந்திருக்கீங்களே" என்றான் காரிமுத்து. அவ்வளவு பணிவு. "என்ன சொன்னா எங்க வடிவு? கொஞ்ச நாளா அவளுக்கு மனசு சரியில்லை."

உள்ளேயிருந்து பத்தாயத்தம்மாள் குரல் கொடுத்தாள். "எங்க வீட்டுல என்ன குறைன்னு இவ ஸ்டேஷன் படியேறினா? வருஷம் பூரா நெல்லு குத்துற வீடு இது. உழைக்கிற வீட்டுல சத்தம் வரத்தான் செய்யும். தெருவையே கேட்டுக்கங்க."

தராசம்மா தெருவைக் கேட்டாள். அதற்குள் எல்லா வீட்டு உலக்கைகளும் உரல்களும் வாசலுக்கு வந்திருந்தார்கள்.

"இந்த வீட்டுலேர்ந்து வெறும் உரல் இடிபடுற சத்தம் கேட்டவங்க யாராவது இருக்கீங்களா?"

எல்லாரும் இல்லை என்று தலையசைத்தார்கள்.

"அப்ப என்ன சத்தம் கேட்டீங்க?"

"நெல்லு குத்துற சத்தம்தாங்க" என்றார் ஒரு கிழ உலக்கை. "தினமும் கேக்கும்."

"தினமும்" என்றார்கள் மற்றவர்கள்.

தராசம்மா தெய்வானையிடம் வந்தாள். "நீங்க பக்கத்து வீடு. உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

தெய்வானை வடிவைப் பார்த்தாள். வாய் அசைந்தது. அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் சடையாண்டி நின்றிருந்தான். அவன் பூண் தரையில் படவில்லை என்பதைக் கூட்டத்தில் வடிவு ஒருத்திதான் கவனித்தாள்.

"நெல்லு சத்தம்தாங்க" என்றாள் தெய்வானை, தரையைப் பார்த்து.

வடிவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. உமி எதற்கு என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இத்தனை நாள் ஒவ்வொரு பிடியாகப் போட்டுத் தன் வாயைத் தானே அடைத்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தாள். வேறு யார்மேல் பழி போடுவது?

"விரிசலைக் காட்டுங்க" என்றாள் தராசம்மா. வடிவு காட்டினாள்.

"கல்லுன்னா ரேகை இருக்கும்மா" என்றான் காரிமுத்து. "பொறந்ததுலேர்ந்து இருக்கு. பெண்ணு பார்க்க வந்தப்பவே பார்த்துட்டுத்தான் கட்டிக்கிட்டேன்."

தராசம்மாவின் தட்டுகளில் காரிமுத்து பக்கத்தது மெல்லக் கீழே இறங்கியது. அவளுக்கு அதில் சந்தோஷம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் இறங்கியது இறங்கியதுதான்.

காரிமுத்து சுவரைவிட்டு நிமிர்ந்தான். "போகலாமா, வடிவு? புள்ளை வெயில்ல வாடுது" என்று கனிவாகக் கூப்பிட்டான். அந்தக் கனிவு என்னவென்று அவளுக்குத் தெரியும். கதவைச் சாத்துவதற்கு முன்னால் அவன் எப்போதும் அந்தக் குரலில்தான் பேசுவான். தெரு கலையத் தொடங்கியது. இன்னும் சற்று நேரத்தில் தராசம்மா போய்விடுவாள்.

"அம்மா" என்றாள் வடிவு. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "அத்தையைத் திறந்து பாருங்க."

கலைந்துகொண்டிருந்த தெரு நின்றது. முற்றங்குடியில் ஒரு வீட்டுப் பத்தாயத்தைத் திறக்கச் சொல்வது குடும்பத்தை நடுத்தெருவில் உரித்துக் காட்டுவதற்குச் சமம். மருமகள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததாகச் சரித்திரமே இல்லை.

"என்னடி சொன்னே?" என்றாள் பத்தாயத்தம்மாள்.

"திறந்து பாருங்கம்மா. நெல்லு குத்துற வீடுன்னா உள்ள நெல்லு இருக்கணுமில்ல."

தராசம்மா கூடத்துக்குள் போனாள். தட்டின் விளிம்பால் பத்தாயத்தம்மாளை ஒரு தட்டு தட்டினாள். டம்மென்று வெற்றுச் சத்தம் கேட்டது. மாமியார் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த மூடியை விலக்கி எட்டிப் பார்த்தாள். அடியில் தூசியும் சிலந்தி வலையும் இருந்தன.

"எப்ப தீர்ந்தது?"

"மாசியிலயே தீர்ந்துடுச்சுங்க. தையில ஊருக்கே பாதிகூட விளையலை" என்றாள் வடிவு. "வெளியில தெரியக்கூடாதுன்னு அத்தை சொன்னாங்க. நானும் சொல்லலை."

தராசம்மா வாசலுக்கு வந்தாள். "மாசி முடிஞ்சு இப்ப ஆடி நடக்குது. தினமும் நெல்லு குத்துற சத்தம் கேட்டுதுன்னு தெருவே சொன்னீங்க. இந்த வீட்டுல எந்த நெல்லைக் குத்தினாங்க?"

வடிவு குனிந்து தனக்குள் இருந்ததைக் கீழே கொட்டினாள். உமியாக உள்ளே போனது மாவாக வெளியே வந்து காற்றில் பறந்தது. அவ்வளவு இடி விழுந்திருந்தது.

தராசம்மாவின் அந்தத் தட்டு மேலே ஏறி, வடிவு பக்கத்துத் தட்டு தாழ்ந்தது. "இந்தப் பொண்ணும் குழந்தையும் இனி இந்த வீட்டுல தங்க மாட்டாங்க. தங்க இடம் நான் ஏற்பாடு பண்றேன். நீங்க அவங்க இருக்கிற பக்கம் போகக் கூடாது. போனா உள்ளே வைக்கச் சொல்லுவேன்" என்று காரிமுத்துவிடம் சொன்னாள்.

காரிமுத்து தலையாட்டினான். வடிவு அவனைக் கடக்கும்போது அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "எங்கே போனாலும் உரலுதான்டி நீ."

வடிவு நடந்தாள். முதுகுப்புறம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் பூண் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் திரும்பவில்லை. அல்லியை இறுக்கிக்கொண்டு தராசம்மாவை ஒட்டியே போனாள். தெருவில் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தெய்வானை வீட்டைத் தாண்டும்போது உள்ளே சத்தம் தொடங்கியது. தொம். தொம். சற்றுப் பொறுத்து எதிர்ச்சாரியில் ஒரு வீட்டிலும், அதற்கு அடுத்த வீட்டிலும். ஊமைச் சத்தம். வேலை நடக்கிற தெரு என்று யாரும் நினைப்பார்கள்.

தராசம்மா நின்றுவிட்டாள். "இவங்க வீட்டுல நெல்லு இருக்கா?"

"தெருவுலயே யார் வீட்டுலயும் இல்லீங்க" என்றாள் வடிவு.

எப்படியாவது இந்தத் தெருவைத் தாண்டிவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் மனசில் வேறொன்றும் இல்லை. தராசம்மாவின் தட்டில் அல்லியை இறக்கி வைத்தாள். தெய்வானை வீட்டுப் படியேறிக் கதவைத் தட்டினாள்.

உள்ளே சத்தம் நின்றது.